மில்லில் பார்த்த பெண் நன்றாக இருக்கிறாள்

என் அருமை சகுந்தலா அக்கா,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தனம் உயிரோடு இருக்கிறாள். ஏழுமலையும் இருக்கிறான். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான். இரண்டு பிள்ளைகள். போன வாரம் நானே என் கண்ணால் பார்த்தேன், கையைப் பிடித்துப் பேசினேன், அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிட்டேன்.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. கடைசியாக என்னிடம் நீ கேட்டது தண்ணீர் கூட இல்லை, "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சோ" என்றுதான் கேட்டாய். பதில் கிடைத்துவிட்டது அக்கா. அதனால் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் நீ. திருக்கழுக்குன்றத்தில் அரசாங்க ஆபீசில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "டைம் கெடைக்கல" என்பாய்.

மாமல்லபுரத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கேமரா உன்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். கடற்கரைக் கோயிலை எடுப்பாயோ என்று முதலில் நினைத்தேன். நீ எடுத்ததெல்லாம் ஆள் இல்லாத கட்டடங்கள். கதவு போன பம்ப்செட் அறை, கால்வாய் ஓரம் மதகு பார்ப்பவர் தங்கிய வீடு, உப்பளத்துக் கிட்டங்கி, கூரை பறந்துபோன டூரிங் டாக்கீஸில் மிச்சமிருந்த டிக்கெட் அறை. எல்லாம் கறுப்பு வெள்ளையில்.

"கலர்ல எடுக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"கலர்ல எடுத்தா செடிதான்டி கண்ணுல வந்து குந்திக்கும். செவுரு தெரியாது" என்றாய்.

எனக்கு அது அன்று புரியவில்லை. உன் வீட்டுக் குளியலறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தட்டுக்குள் ஒரு சுவர் மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்த பிறகு புரிந்தது. அந்தச் சுவரில் யாரோ பிள்ளையின் உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நேரில் நின்று எடுத்தபோது நீகூட அதைப் பார்க்கவில்லையாம். அதற்குப் பிறகு நானும் உன் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டேன். என் பாப்பாவை அவள் அப்பா பார்த்துக்கொண்டார். கிராமத்து ஆட்கள் நம்மைப் புதையல் தேடுகிறவர்கள் என்றார்கள், ரோடு போட அளவெடுக்க வந்தவர்கள் என்றார்கள். ஒரு பெரியவர் தன் நிலத்துக்குப் பட்டா வரவில்லை என்று உன்னிடமே மனு கொடுத்தார். நீயும் வாங்கிக்கொண்டாய், அடுத்த நாள் ஆபீசில் சேர்த்தும் விட்டாய்.

தொண்ணூற்றி ஏழாம் வருஷம், தை பிறந்து சில நாள். திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே போகும் ஒரு மண்பாதையில் அந்த ரைஸ் மில். பங்காளிச் சண்டையில் மூடிப் போய் பல வருஷம் ஆகியிருந்தது. நெல் அவிக்கிற தொட்டிகளில் மழைத்தண்ணீர். களத்தில் இடுப்பளவு புல். தகரக் கூரையில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. நீ ஒரு சின்னப் பெண் மாதிரி குஷியாகிவிட்டாய். "வுடாத விஜி, இன்னிக்கு ரோலு பத்தாது" என்றாய்.

மில்லின் உள்பக்கத்தை எடுத்தாய். பிறகு புகைபோக்கி அடியில் போய் நின்று ஒரு படம் எடுத்தாய். மூலையில் மூன்று கல் வைத்த அடுப்பு இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சாம்பலைத் தொட்டேன், சூடு ஆறவில்லை.

புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். கையில் ஒரு கருக்கரிவாள். நம்மை வெட்ட வந்தவள் மாதிரி இல்லை, அது இல்லாவிட்டால் கீழே விழுந்துவிடுவாள் போலப் பிடித்திருந்தாள்.

"என்னிய போட்டோ புட்சியா? சொல்லு, புட்சியா?"

நீ பொய் சொல்லவில்லை. "ஆமாம்மா, தெரியாம வுழுந்துட்ச்சு. யாருக்கும் காட்ட மாட்டேன். மொதல்ல அத்தக் கீழ போடு" என்றாய். உன் குரலில் என்ன இருந்ததோ, அவள் அரிவாளைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

பேர் தனம். பக்கத்து ஊர். லாரியில் கிளீனராக இருந்த ஏழுமலையோடு வீட்டை விட்டு வந்துவிட்டாள். வேறு வேறு சாதி. அவள் வீட்டில் மூன்று அண்ணன்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தால் அவனை விடமாட்டார்கள், தன்னையும் விடமாட்டார்கள் என்றாள். செங்கல்பட்டுக்குப் போய் ஒரு வேலைக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன ஏழுமலை, முந்தின நாளே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வுட்டுட்டுப் பூட்டான்க்கா" என்றாள். அதைச் சொல்லும்போது அழக்கூட இல்லை.

நீ அதிகம் யோசிக்கிறவள் இல்லை. அன்றும் யோசிக்கவில்லை. என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டினாய். கேமராவை வெளியே எடுத்துவிட்டு வெறும் பையை அவள் தோளில் போட்டாய். "வரும்போது ரெண்டு பொம்பள. போவும்போதும் ரெண்டு பொம்பள. பாக்குறவனுக்கு அவ்ளோதான் தெரியும்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"நீ இங்கியே இரு. அந்தப் பையன் வந்தா இவ எங்க கீறான்னு சொல்ல ஒரு ஆள் வேணும். பயமா கீதா?"

"இருக்கு" என்றேன்.

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தாய். கேமரா என் கையில் இருந்தது.

நீங்கள் போன பிறகு அந்த மில் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. தகரம் வெயிலில் டக் டக்கென்று சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அடுப்பு இருந்த மூலையை ஒரு படம் எடுத்தேன். அப்போதுதான் பேச்சுக் குரல் கேட்டது.

மூன்று பேர். சைக்கிள்களைக் களத்தில் போட்டுவிட்டு வந்தார்கள். யார் என்று சொல்லத் தேவையே இல்லை, மூன்று முகத்திலும் தனத்தின் மூக்கு.

"இன்னாம்மா பண்ற இங்க?" என்று கேட்டான் நடுவில் நின்றவன்.

"படம் எடுக்கிறேங்க. பழைய கட்டடம் எல்லாம் எடுப்போம்."

"ரெண்டு பொம்பளைங்க வண்டில போனதா டீக்கடைல சொன்னாங்கோ. நீ யாரு மூணாவது?"

அக்கா, எனக்கு எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. "நாங்க மூணு பேருங்க. ரோல் தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வரப் போயிருக்காங்க. நான் சாமானுக்குக் காவல் இருக்கேன்" என்றேன்.

அவன் சுற்றிச் சுற்றி வந்தான். அடுப்புக்கு முன்னால் குனிந்தான். "இது இன்னா?"

"டீ போட்டோங்க."

"பொண்ணு ஒண்ணு வந்துச்சா இந்தப் பக்கம்? பச்ச தாவணி."

"காலையிலேருந்து இங்கதான் இருக்கேன். ஆடுதான் வந்துச்சு."

கடைசித் தம்பி என்னை நம்பவில்லை. "படம் புடிக்கிறவதானே நீ? எங்க, எங்கள ஒண்ணு புடி பாக்கலாம்" என்றான். ரோல் தீர்ந்துவிட்டது என்று நானே சொல்லியிருக்கிறேனே! மென்று விழுங்கி, "இதுல கடைசியா ஒண்ணு ரெண்டு இருக்குங்க, நில்லுங்க" என்றேன். கேமராவைத் தூக்கினேன். நீ செய்வது மாதிரியே சுவரில் சாய்ந்துகொண்டேன். அண்ணன் தம்பி மூவரும் மில் வாசலில் வரிசையாக நின்றார்கள். கேமராவைப் பார்த்ததும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். பெரியவன் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுத்தினேன். சத்தம் கேட்டது. அதன் பிறகு அவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. போய்விட்டார்கள்.

வெயில் இறங்கின நேரத்தில் வயல் பக்கமாக ஏழுமலை வந்தான். நொண்டிக்கொண்டு, ஒரு கால் வீங்கி, கையில் ஒரு பிரெட் பாக்கெட். லாரியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்திருக்கிறான். கால் ஊன்ற முடியாமல் ஒரு நாள் முழுக்க ஏதோ ஒர்க்‌ஷாப்பில் கிடந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடப் பார்த்தான், கால் ஒத்துழைக்கவில்லை. "தனம் பத்திரமா இருக்கா" என்று கத்தினேன். அந்த வார்த்தையைக் கேட்டு அவன் முகம் மாறியதை மட்டும் நான் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

பஸ்ஸில் தெரியாதவர்கள் மாதிரித் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து உன் வீட்டுக்கு வந்தோம். தனம் கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பிரெட்டைப் பிடுங்கி அதாலேயே அவனை அடி அடியென்று அடித்தாள். நீ அடுப்படியிலிருந்து, "கால்ல அடிக்காத, நாளைக்கு நடக்கணும்" என்றாய்.

மறுநாள் விடிந்ததும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு. அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது நீ தடுத்துவிட்டாய். "எங்கன்னு எங்ககிட்ட சொல்லாத. யாருனா வந்து கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும், அது நெசமா இருக்கணும். லெட்டரும் போடாத." ராத்திரியே ரோலைக் கழுவி, தனம் விழுந்திருந்த நெகட்டிவை மட்டும் வெட்டி வைத்திருந்தாய். அதை ஒரு காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்தாய். பஸ் கிளம்பியது. அவ்வளவுதான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. நீ கேட்டுக்கொண்டபடியே.

அந்த வருஷம் சித்திரையில்தான் அந்தப் பேச்சு வந்தது. எங்கோ ரயில் பாதையில் ஒரு ஆணும் பெண்ணும் செத்துக் கிடந்தார்கள் என்றார்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று டீக்கடையில் யாரோ சொல்லி, அது உன் ஆபீஸ்வரை வந்தது. நீ லீவு போட்டுவிட்டு அலைந்தாய். யாரைக் கேட்டாலும் பேர் தெரியவில்லை, கேட்கிற நீ அவர்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். என்ன சொல்வாய்? வீட்டுக்கு வந்து கேமராவைத் துடைத்து பீரோவில் வைத்தாய்.

"நான்தான்டி பஸ் ஏத்தி வுட்டேன்" என்றாய்.

"அது அவங்களா இருக்காதுக்கா."

"இருந்தா?"

ஒரு மாதம் கழித்து மறுபடி கேமராவை எடுத்தாய், ஆனால் நீ மாறியிருந்தாய். எந்தப் பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று, "உள்ள யாருனா கீறீங்களா? பயப்படாம வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாய். பம்ப்செட் அறைக்கு, மதகு வீட்டுக்கு, ஆள் நுழையவே முடியாத தண்ணீர்த் தொட்டிக்குக்கூட. வௌவால்தான் பதில் சொல்லும். நான் சிரிக்கமாட்டேன்.

சிறுநீரகம் கெட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஊரில் உள்ள எல்லோரைப் பற்றியும் பேசினோம். உன் அண்ணன் பெண் கல்யாணம், என் பாப்பாவின் கணக்கு மார்க், எல்லாம். ஒவ்வொரு முறையும் பேச்சு சுற்றி அங்கே வந்து நின்றுவிடும். நீ கண் மூடும்வரை அந்தக் கேள்வி உன்னை விட்டுப் போகவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. இந்தப் போன வாரம்வரை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

என் பாப்பா இப்போது படூரில் ஒரு காலேஜில் படிக்கிறாள். நீ பார்த்த படூர் இல்லை அது. ரோடு ஆறு வண்டி போகிற அகலம், ரெண்டு பக்கமும் அடுக்கு மாடி. காலேஜில் விழா வந்தது. உன் படங்களை அங்கே மாட்டலாமா என்று பாப்பா கேட்டாள். நீ போன ரெண்டு வருஷத்தில் கடல் ஊருக்குள் வந்தது, நம் தெரு முழுக்கத் தண்ணீர். உன் அண்ணன் என்னிடம் கொடுத்திருந்த படங்கள் அப்போது குவார்ட்டர்ஸ் வீட்டில் பரண்மேல் இருந்ததால் தப்பித்தன. தப்பித்தவை இன்னும் எத்தனை நாள் பரணில் கிடப்பது என்று சரி சொன்னேன். தாழ்வாரத்தில் கயிறு கட்டி, கிளிப் போட்டு வரிசையாக மாட்டினோம்.

பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், பாதி பேர் செல்போனைப் பார்த்தபடியே கடந்து போனார்கள். மத்தியானம் சாப்பாடு வந்தது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் தாழ்வாரத்தில் நடந்து வந்தாள். நல்ல உடம்பு, மூக்குத்தி, தலையில் வலை. ரைஸ் மில் படத்துக்கு முன்னால் நின்றாள். நகரவில்லை. பின்னால் வந்தவன், "எக்கா, வழி வுடு" என்றான். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

படத்தின் மூலையில் விரலை வைத்தாள். நான் அன்று பயத்தில் எடுத்த படம் அது, அடுப்பு இருந்த மூலை.

"இந்தக் கல்லு நான் வெச்சது" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

கிட்டே போய், "தனமா?" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அடையாளம் தெரிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு அது ஒரு யுகம். பிறகு, "கண்ணாடி அக்கா!" என்று அலறினாள் பார், அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். என் பேர் அவளுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடிதான் ஞாபகம்.

தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். சாம்பாரை வேறு யாரோ எடுத்துப் போனார்கள். அவர்கள் போனது ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. போன முதல் வாரமே கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்களாம். அண்ணன்களை ஏவிவிட்ட அவள் அப்பா இறந்த பிறகு, இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்து இந்தப் பக்கம் திரும்பி வந்திருக்கிறார்கள். ஏழுமலை இப்போது கம்பெனி வேன் ஓட்டுகிறான். அவள் காலேஜுகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறாள்.

"அந்த அக்கா எங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "புதுப்பட்டினத்துக்கு வந்து தேடினோம்க்கா. வூட்ல வேற யாரோ இருந்தாங்கோ. ட்ரான்ஸ்பர் ஆயிட்டிருப்பாங்கன்னு நெனச்சிக்கினோம்" என்றாள்.

ரயில் பாதைப் பேச்சைச் சொன்னேன். நீ அலைந்ததை, கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, நாங்க அந்த மாசம் புதுசா ஒரு அலுமினியக் குண்டான் வாங்கிட்டு பெரும பேசிக்கினு இருந்தோம்க்கா" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நீ இங்கே சாப்பிடாமல் கிடந்த அந்த மாதத்தில் அவர்கள் அங்கே குண்டான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், அக்கா. இதைவிட நல்ல செய்தி உனக்கு நான் எங்கே போய்த் தேடுவேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன்கள் மூவரும் நின்ற படத்தை மறுநாள் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைக் கழுவியபோது நீ சொன்னாய், "பெரியவன் மூஞ்சப் பாருடி, இவன் அடிக்கத் தேடல" என்று. தனம் அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். சின்ன அண்ணன்கள் இருவரும் இன்னும் பேசுவதில்லையாம். அம்மா மட்டும் எப்போதாவது வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறாள். பெரிய அண்ணன் ஒரு தடவை கேட்வரை வந்து, உள்ளே வராமல் ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போனாராம்.

"இவ்ளோ எளச்சிப் போயா இருந்தாரு அன்னிக்கி?" என்றாள். ஏழுமலை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இத ஃப்ரேம் போட்டு அவருக்கே குடுத்துடலாம்" என்றான். கொடுத்தால் அவர் உள்ளே வருவாரா? தெரியாது. கொடுக்கப் போகிறார்கள், அது மட்டும் தெரியும்.

அந்த மில்லை இடித்துவிட்டார்கள். கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்கிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை. உனக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். இருக்குமா?

வீட்டுக்கு வந்து அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். பாப்பாவின் அப்பா, "என்ன, குறட்டை எல்லாம் விடற" என்று கேலி செய்தார்.

உன் அஸ்தியை வாயலூரில் பாலாறு கடலில் சேருகிற இடத்தில் கரைத்தோம். அதைச் சொன்னதும் தனம் அங்கே போக வேண்டும் என்றாள். வர்ற மாதம் பிள்ளைகளுக்கு லீவு விடுகிறார்கள். ஏழுமலை வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். நான் அவர்களை உன்னிடம் கூட்டி வருகிறேன், இது சத்தியம். மீதிக் கதையை அவள் வாயாலேயே கேட்டுக்கொள். அவள் பேசி முடிக்கிறவரை நான் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நிம்மதியாக இரு.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
விஜி